ஆறு வயதுக்கு முன் உரிமை இல்லையா? மாற்றுத்திறன் குழந்தைகளும் அங்கன்வாடிகளும்

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டு 2025 அக்டோபர் 2 அன்று ஐம்பது ஆண்டுகள் நிறைவடைந்தன. 1975இல் 33 வட்டாரங்களில் பரிசோதனை முயற்சியாகத் தொடங்கிய இத்திட்டம், இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடி மையங்களாக விரிந்துள்ளது. விவசாயத் தொழிலாளியின் குழந்தையும், கட்டுமானத் தொழிலாளியின் குழந்தையும், பீடி சுற்றும் தாயின் குழந்தையும் வீட்டுக்கு வெளியே முதன்முதலில் கால்வைக்கும் பொது நிறுவனம் அங்கன்வாடியே. அந்த வாசலை ஊனத்துடன் பிறந்த குழந்தையால் தாண்ட முடிகிறதா என்பதுதான் அரைநூற்றாண்டு நிறைவில் எழுப்பப்பட வேண்டிய கேள்வி.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆறு வயது வரையிலான மாற்றுத்திறன் குழந்தைகள் 20.42 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 14.5 லட்சம் பேர் கிராமப்புறங்களில் வாழ்பவர்கள். இந்த எண்ணிக்கையும் குறைமதிப்பீடே. கணக்கெடுப்பில் எட்டு வகை ஊனங்களே கேட்கப்பட்டன. 2016ஆம் ஆண்டுச் சட்டமோ 21 வகைகளை அங்கீகரிக்கிறது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, லேசான செவித்திறன் குறைபாடு போன்றவை கணக்கெடுப்பாளரின் கண்ணில் எளிதில் படுவதில்லை. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பையும் தள்ளிப்போட்ட ஒன்றிய பாஜக அரசுக்கு, இக்குழந்தைகள் எத்தனை பேர் என்பதே இன்றுவரை தெரியாது.

எண்ணிக்கை தெரியாவிட்டாலும் அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. 2023 நவம்பர் 28 அன்று, 'திவ்யாங் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறை' என்ற ஆவணத்தை ஒன்றியப் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் தில்லியில் வெளியிட்டது. அது மூன்று படிகளை வகுக்கிறது. முதலாவது, ஊனத்தின் தொடக்க அறிகுறிகளை அங்கன்வாடி ஊழியர் கண்டறிய வேண்டும். இரண்டாவது, குழந்தையைச் சமூக நிகழ்வுகளில் இணைத்து, குடும்பத்துக்கு வலுவூட்ட வேண்டும். மூன்றாவது, ஆஷா ஊழியர், கிராமச் சுகாதாரச் செவிலியர், தேசியக் குழந்தைகள் நலத்திட்ட மருத்துவக் குழு ஆகியோர் வழியாக மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்க வேண்டும். இந்த மூன்றில் எதையும் இடதுசாரி இயக்கம் மறுக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் இயக்கம் நெடுங்காலமாகக் கோரிவந்தவற்றின் சாயல்கள் இவற்றில் உண்டு. ஆனால் இந்த மூன்று படிகளும் யாருடைய தோளில் ஏற்றப்பட்டுள்ளன, அதற்கு ஈடாக அரசு என்ன தருகிறது என்று பார்த்தால் நெறிமுறையின் உண்மை உருவம் தெரியவரும். புதிய பணியிடம் ஒன்றைக்கூட அது உருவாக்கவில்லை. குழந்தையின் கையில் சட்ட உரிமை எதையும் கொடுக்கவில்லை. கண்டுபிடிக்கும் பொறுப்பை மட்டும் ஒரு பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு அரசு கைகழுவிக்கொண்டது.

சட்டம் கண் திறக்கும் வயது

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கும் மேல் ஆறு வயதுக்கு முன்பே நிகழ்ந்துவிடுவதாகக் கூறுகிறது. மூன்று வயது முதலே கல்விக் கட்டமைப்பு தொடங்க வேண்டும் என்றும் முழங்குகிறது. ஆனால் இந்நாட்டின் சட்டங்கள் எந்த வயதில் கண் திறக்கின்றன?

அரசியலமைப்புச் சட்டத்தின் 45ஆவது பிரிவு, தன் மூல வடிவில், 14 வயது நிறைவடையும் வரை அனைத்துக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வழங்க அரசு முயல வேண்டும் என்றது. ஆறு வயதுக்கு உட்பட்டோரும் அதில் அடக்கம். 2002இல் வந்த 86ஆவது திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கிய அதே வேளையில், அதை 6 முதல் 14 வயது வரையிலானவர்களுக்கு மட்டும் சுருக்கியது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் 'அரசு முயலும்' என்ற நெறிகாட்டுக் கோட்பாட்டுக்குள் தள்ளப்பட்டார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி அளிக்க அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்றுதான் கூறுகிறது. 'செய்ய வேண்டும்' என்று கூறவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கென்றே இயற்றப்பட்ட சட்டத்திலும் இதே கதைதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, அளவுகோல் ஊனம் உடைய குழந்தைக்கு அருகமைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை அளிக்கிறது. அந்த உரிமைக்கான வயது 6 முதல் 18 வரை. அளவுகோல் ஊனம் என்றால் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத ஊனம் என்று சான்றிதழ் வேண்டும். ஆக, சட்டப்படி உரிமை பெற, குழந்தை ஆறு வயதை எட்ட வேண்டும். சான்றிதழும் கைக்கு வந்திருக்க வேண்டும். மூளை வளர்ச்சியில் 85 விழுக்காடு நிகழும் காலம் முழுவதும் அக்குழந்தை உரிமையற்றதாக இருக்கிறது. அரசின் ஆவணத்தையும் அரசின் சட்டத்தையும் அருகருகே வைத்துப் படித்தால் போதும், இந்த வஞ்சகத்துக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இது கவனக்குறைவால் நேர்ந்ததன்று. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பராமரிப்பையும் கல்வியையும் அடிப்படை உரிமையாக்க வேண்டும், 11ஆவது பிரிவைக் கட்டாயமாக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் தனது 259ஆவது அறிக்கையில் 2015 ஆகஸ்டிலேயே பரிந்துரைத்தது. அதற்குப் பின் ஐந்து ஆண்டுகள் கழித்து வந்த கல்விக் கொள்கை, 2030க்குள் அனைவருக்கும் முன்பருவக் கல்வி என்று இலக்கு நிர்ணயித்ததே தவிர, சட்டத்தைத் தொடவில்லை. உரிமை என்றால் நிதி ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். இலக்கு என்றால் விளம்பரப் பலகை போதும்.

தாமதத்தின் விலை

இந்த ஆறு ஆண்டுகளில் என்ன பறிபோகிறது என்பதைச் சில எடுத்துக்காட்டுகள் தெளிவாக்கும்.

பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்த குழந்தையைப் பிறந்த சில நாட்களில் குதிகாலிலிருந்து எடுக்கும் ஒரு துளி ரத்தத்தில் கண்டறியலாம். நாள்தோறும் ஒரு மலிவான மாத்திரை கொடுத்தால் அது மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். சில மாதங்கள் தவறினாலோ, வாழ்நாள் முழுவதும் நீடிக்கும் அறிவுசார் குறைபாடு ஏற்படலாம். இந்தப் பரிசோதனை நாடு முழுவதற்குமான பொதுச் சேவையாக இன்னும் ஆக்கப்படவில்லை. தனியார் மருத்துவமனையில் பணம் கட்டுபவருக்கு அது கிடைக்கிறது.

பிறவிச் செவித்திறன் குறைபாட்டை ஒரு மாதத்துக்குள் பரிசோதித்து, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்து, ஆறு மாதத்துக்குள் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட நடைமுறை. ஏழை வீடுகளில் இரண்டு, மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை என்ற பிறகே சந்தேகம் எழுகிறது. 'அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்' என்ற ஆறுதலில் மேலும் ஓராண்டு கழிகிறது. செவிப்புலன் கருவி வழியாகவோ சைகை மொழி வழியாகவோ அக்குழந்தைக்கு ஒரு மொழி கிடைத்திருக்க வேண்டிய பருவம் அதற்குள் கடந்துபோகிறது. ஆறு வயதில் அதைப் பள்ளியில் சேர்த்து, 'உள்ளடக்கிய கல்வி' என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். மொழியே இல்லாமல் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை எதில் உள்ளடக்கப்பட்டிருக்கிறது?

உள்வளைந்த பாதத்துடன் பிறந்த குழந்தைக்கு வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றி, பின்னர் சில ஆண்டுகள் சிறப்புக் காலணி அணிவித்தால் பெரும்பாலும் பெரிய அறுவைச் சிகிச்சை இல்லாமலேயே பாதம் நேராகிவிடும். சிகிச்சை எளிது. ஆனால் வாரம் ஒருநாள் கூலியை இழந்து, மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தில் சென்றுவர வேண்டிய தாய் மூன்றாவது வாரத்திலேயே நின்றுவிடுகிறார். மருத்துவப் பதிவேட்டில் 'பெற்றோர் ஒத்துழைக்கவில்லை' என்ற குறிப்பு ஏறுகிறது. இழந்த கூலியைப் பற்றிய குறிப்பு எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை.

ஊனம் எந்த வர்க்கத்திலும் நேரலாம். ஆனால் அது குழந்தையின் வாழ்வை எந்த அளவுக்கு முடக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் வர்க்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கிறார்கள், 67.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இத்தகைய நாட்டில் ஊட்டச்சத்துக் குறைவும் கவனிப்பற்ற பிரசவங்களும் ஊனத்தை உருவாக்கவும் செய்கின்றன. இருக்கும் ஊனத்தைக் கடுமையாக்கவும் செய்கின்றன. குழந்தைக்கு ஒருநாள் ஊட்டச்சத்துக்கென 2017இல் நிர்ணயிக்கப்பட்ட எட்டு ரூபாயை வைத்துக்கொண்டு இதை எதிர்கொள்ள முடியாது.

'ஊழியர்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் சுரண்டல்

நெறிமுறையின் முதல் படியை நிறைவேற்ற வேண்டியவர் அங்கன்வாடி ஊழியர். இருபது, முப்பது குழந்தைகளைக் கவனிப்பது, சமைத்த உணவை வழங்குவது, எடையும் உயரமும் அளப்பது, கர்ப்பிணிகளின் வீடுகளுக்குச் செல்வது, தடுப்பூசி முகாமுக்கு ஆள் திரட்டுவது, தேர்தல் பணி, கணக்கெடுப்புப் பணி என அவரது வேலைப் பட்டியல் முடிவதில்லை. இவற்றுக்கு மேல் 2021 முதல் 'போஷன் டிராக்கர்' செயலி. 2025 ஜூலை முதல், வீட்டுக்கு எடுத்துச்செல்லும் உணவுப் பொருளை வழங்கவும் பயனாளியின் முகத்தைக் கைப்பேசியில் பதிந்து சரிபார்ப்பது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இணையம் கிடைக்காத கிராமத்தில் தாயின் முகத்தைச் செயலி ஏற்கும்வரை காத்துநிற்கும் ஊழியருக்கு, மூலையில் அமர்ந்திருக்கும் குழந்தை பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறதா என்று கவனிக்க நேரம் எங்கே?

இத்தனைக்கும் ஒன்றிய அரசு நிர்ணயித்துள்ள மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். உதவியாளருக்கு 2,250 ரூபாய். 2018இல் அறிவிக்கப்பட்ட இத்தொகை அதன்பின் உயர்த்தப்படவில்லை. பெரும்பாலான மாநிலங்களில் இந்த 4,500 ரூபாயிலும் 60 விழுக்காடுதான் ஒன்றிய அரசின் பங்கு. அதாவது 2,700 ரூபாய். மாநில அரசுகள் தம் நிதியிலிருந்து கூடுதலாகத் தரும் தொகையால்தான் இவர்களின் அடுப்பு எரிகிறது.

திட்ட ஊழியர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்து, குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்க வேண்டும் என்று 2013இல் நடந்த 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து அமர்ந்த மாநாட்டின் பரிந்துரை அது. அங்கன்வாடி ஊழியர்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று உச்சநீதிமன்றம் 2022 ஏப்ரல் 25 அன்று தீர்ப்பளித்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆவது பிரிவின் கீழும் இவர்கள் ஆற்றும் பணியை அத்தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொண்டது. அதன் பிறகும் ஒன்றிய அரசின் நிலை மாறவில்லை. உரிமை கேட்டுப் போராடிய ஊழியர்கள் மீது 2022இல் தில்லியிலும், 2024 ஜனவரியில் ஆந்திராவிலும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் ஏவப்பட்டது. வேலைநிறுத்தம் செய்தால் அவர்களது பணி 'அத்தியாவசியம்'. ஊதியம் கேட்டால் அதே பணி 'கௌரவச் சேவை'.

பயிற்சி அளித்துவிட்டோம் என்று அமைச்சகம் சொல்லும். ஊட்டச்சத்தும் கல்வியும் இணைந்த 'போஷன் பி பதாய் பி' திட்டத்தில் ஊழியர்களுக்குக் களத்தில் தரப்படுவது மூன்று நாள் பயிற்சி. முன்பருவக் கல்வி முழுவதும் அந்த மூன்று நாட்களுக்குள் அடங்க வேண்டும். மாற்றுத்திறன் குழந்தைகள் பற்றிய பகுதி அதில் ஒரு துண்டு. சிறப்பாசிரியராக வேண்டுமானால் இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த படிப்பை முடித்துப் பதிவு செய்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த நிபுணத்துவத்தின் வாசலை மூன்று நாளில் காட்டிவிட்டு, 14 லட்சம் மையங்களும் உள்ளடக்கியவையாகிவிட்டன என்று அறிவிப்பது கேலிக்கூத்து.

பரிந்துரைத்த பின்?

ஒரு ஊழியர் தன் அனுபவத்தாலும் அக்கறையாலும் குழந்தையின் குறைபாட்டைக் கண்டுபிடித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன?

2013இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் வழிகாட்டுதல்படி, ஒவ்வொரு வட்டாரத்திலும் நடமாடும் மருத்துவக் குழுக்கள் இருக்க வேண்டும். இரண்டு ஆயுஷ் மருத்துவர்கள், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர் கொண்ட குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். கண்டறியப்பட்ட குழந்தைகள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுவார்கள். இந்தக் கட்டமைப்பு சரியானது. அதை விரிவாக்குவதே தேவை. ஆனால் ஆண்டுக்கு இரண்டு வருகை என்பது கண்டுபிடிப்பதற்கே போதாதது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு இயன்முறைப் பயிற்சியும், ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பேச்சு மற்றும் தொடர்பாற்றல் பயிற்சியும் வாரத்தில் பல நாட்கள், வீட்டுக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு மையம் என்றால், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மலைக்கிராமத்துப் பழங்குடிக் குழந்தைக்கு அது இல்லாததற்குச் சமம்.

ஒன்றியச் சமூக நீதி அமைச்சகம், அனைத்து வகை ஊனங்களுக்குமான ஆரம்பநிலை இடையீட்டு மையங்களை 2021 ஜூனில் தொடங்கியபோது அவற்றின் எண்ணிக்கை 14. தேசிய நிறுவனங்களிலும் மண்டல மையங்களிலும் அவை அமைந்தன. 14 லட்சம் அங்கன்வாடிகள் கொண்ட நாட்டுக்கு அன்று 14 மையங்கள். இடைவெளியை நிரப்ப யார் வருகிறார்கள்? பெருநகரங்களில் மணிக்கணக்கில் கட்டணம் வசூலிக்கும் தனியார் 'தெரபி' மையங்கள் வருகின்றன. குழந்தையின் ஊனம் ஒரு சந்தையாகிறது. கடன் வாங்கியேனும் அந்தச் சந்தைக்குள் நுழையும் நடுத்தரக் குடும்பம் ஒருபுறம். வாசலிலேயே நிற்கும் உழைப்பாளிக் குடும்பம் மறுபுறம். எந்தப் புறமாயினும் வேலையை விட்டுவிட்டு வீட்டில் தங்குபவர் பெரும்பாலும் தாயே.

பள்ளிக் கல்வியிலும் நிலைமை இதைவிட மேலில்லை. தொடக்கப் பள்ளியில் பத்து மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல்வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்சநீதிமன்றம் 2021 அக்டோபரில் வகுத்தது. பணியிடங்களை அறிவித்து முறையாக நிரப்புமாறு 2025 மார்ச்சில் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. அங்கன்வாடிக்கோ அப்படியொரு விகிதமே கிடையாது. சிறப்பாசிரியர்களின் ஊதியத்துக்கு வழிசெய்யும் சமக்ர சிக்ஷா நிதியையும், பிஎம் ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திட மறுத்த மாநிலங்களுக்கு ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. தமிழ்நாட்டுக்கு மட்டும் 2024-25இல் நிறுத்தப்பட்டது 2,152 கோடி ரூபாய். தன் கல்விக் கொள்கையைத் திணிப்பதற்கு மாற்றுத்திறன் குழந்தையின் ஆசிரியரையே பணயமாக வைத்த அரசு, 'உள்ளடக்கம்' பற்றி உபதேசிக்கிறது.

பட்டத்துக்குப் பஞ்சமில்லை, பணத்துக்குத்தான் பஞ்சம்

2015 டிசம்பரில் பிரதமர் மோடி தன் வானொலி உரையில் 'திவ்யாங்' என்ற சொல்லை முன்மொழிந்தார். தெய்விக உறுப்பு கொண்டவர் என்று பொருள். மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் பல அன்றே அதை எதிர்த்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான தேசிய மேடையும் எதிர்த்தது. ஊனத்தைத் தெய்விகமாக்குவது, அதை உரிமைப் பிரச்சனையிலிருந்து கருணைப் பிரச்சனையாக, விதிப் பிரச்சனையாக மாற்றுவதாகும். கடவுள் கொடுத்தது என்றால் அரசிடம் கணக்குக் கேட்க முடியாதல்லவா?

கணக்கைப் பார்ப்போம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுத் துறைக்கு ஒதுக்கப்பட்டது 1,275 கோடி ரூபாய். மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. நூறு ரூபாய்க்கு இரண்டரைக் காசு. சமக்ர சிக்ஷாவில் மாற்றுத்திறன் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்பது வரையறை. நாளொன்றுக்குப் பத்து ரூபாயைக்கூட எட்டாத தொகை. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்துக்கு 2014-15இல் ஏறத்தாழ 18,000 கோடி ஒதுக்கப்பட்டிருந்தது. மோடி அரசின் 2015-16 நிதிநிலை அறிக்கை அதைச் சுமார் 8,300 கோடியாக வெட்டியது. எதிர்ப்பின் பின்னர் ஓரளவு கூட்டப்பட்டது. 2025-26இல் ஊட்டச்சத்து இயக்கம், வளரிளம் பெண்கள் திட்டம் ஆகியவற்றையும் சேர்த்து ஒரே தலைப்பில் ஒதுக்கப்பட்டது 21,960 கோடி. பதினோரு ஆண்டு விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால் இது உயர்வன்று, பெரும் வெட்டு. 2019 செப்டம்பரில் கார்ப்பரேட் வரியைக் குறைத்து ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாயை விட்டுக்கொடுப்பதாகத் தானே அறிவித்த அரசு இது. குழந்தைகளுக்குப் பணமில்லை என்ற பல்லவியை அதன் வாயிலிருந்து ஏற்க முடியாது.

மூன்று வாதங்களுக்கு மறுமொழி

மாற்றுத்திறன் குழந்தையைச் சேர்த்தால் மற்றக் குழந்தைகளின் கவனம் சிதறும் என்பது முதல் வாதம். மூன்று வயதுக் குழந்தைகளிடையே அருவருப்பும் விலக்கலும் இயல்பாக இருப்பதில்லை. பெரியவர்கள் கற்றுக்கொடுத்தே அவை வருகின்றன. சாதி பார்க்காமல் ஒரே பாயில் அமரும் இடமாக அங்கன்வாடியை ஆக்கப் பாடுபட்ட இயக்கத்துக்கு இது புதிய பாடமன்று. தடித்த கைப்பிடி கொண்ட கரண்டி, முதுகைத் தாங்கும் நாற்காலி, அடுத்து என்ன நடக்கும் என்பதைக் காட்டும் படவரிசை, முகம் பார்த்து நிதானமாகப் பேசுவது ஆகிய எளிய ஏற்பாடுகள் மற்றக் குழந்தைகளுக்கும் உதவுபவை. இவற்றுக்கு வேண்டியது பெருஞ்செலவன்று. மையத்தில் இன்னொரு பயிற்சி பெற்ற ஆள்.

சிறப்புப் பள்ளியே மேல் என்பது இரண்டாவது வாதம். பல பெற்றோர் உண்மையான அச்சத்திலிருந்து இதைச் சொல்கிறார்கள். எந்த ஆதரவும் இல்லாத பொதுப் பள்ளியில் தள்ளப்பட்ட குழந்தையைவிடச் சிறப்புப் பள்ளிக் குழந்தை நன்றாக இருப்பதை அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். சிறப்புப் பள்ளிகளை மூடுவது இடதுசாரிகளின் கோரிக்கையன்று. அவற்றின் நிபுணத்துவம் அருகமை மையங்களுக்கும் பாய வேண்டும். தேர்வு செய்யும் உரிமை பெற்றோருக்கு உண்மையில் கிடைக்க வேண்டும் என்பதே கோரிக்கை. எதிர்க்கப்பட வேண்டியது, 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கல்வி உரிமைச் சட்டத்தில் அனுமதித்த 'வீட்டுவழிக் கல்வி' என்ற ஏற்பாடு, கடும் ஊனமுள்ள குழந்தையைப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டு வகுப்பறையிலிருந்து வெளியேற்றும் குறுக்குவழியாக்கப்படுவதைத்தான்.

மூன்றாவது வாதம், இந்தியா போன்ற ஏழை நாட்டில் இது சாத்தியமில்லை என்பது. கேரளத்தைப் பார்க்கட்டும். 2004இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் வெங்ஙானூர் கிராமப் பஞ்சாயத்தில் தொடங்கிய 'பட்ஸ்' பள்ளி, உள்ளாட்சியும் குடும்பஸ்ரீயும் இணைந்து நடத்தும் முந்நூறுக்கும் மேற்பட்ட நிலையங்களாகப் பெருகியுள்ளது. எண்டோசல்பான் நஞ்சால் பாதிக்கப்பட்ட காசர்கோடு மாவட்டத்தின் குழந்தைகளுக்கும் அவை புகலிடம். செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான ஆரம்பநிலைப் பயிற்சியில் அம்மாநிலத்தின் 'நிஷ்' நிறுவனம் 1997 முதல் இயங்கிவருகிறது. கேரளமும் எல்லாவற்றையும் சாதித்துவிடவில்லை. பட்ஸ் பள்ளிகள் அடிப்படையில் தனிப் பள்ளிகளே. அங்கன்வாடியை முழுமையாக உள்ளடக்கியதாக்கும் பணி அங்கும் மீதமிருக்கிறது. ஆனால் அதிகாரமும் நிதியும் பஞ்சாயத்துக்குப் பகிரப்பட்டால், உழைக்கும் பெண்களின் அமைப்பு உடன் நின்றால், ஏழைக் குழந்தையின் வீட்டுக்கு அருகிலேயே சேவையைக் கொண்டுவர முடியும் என்பதை அது நிரூபித்திருக்கிறது.

ஒரே போராட்டம்

இடதுசாரி இயக்கத்துக்குள்ளும் ஒரு குறையைப் பேசியாக வேண்டும். அங்கன்வாடி ஊழியர் சங்கம் ஊதியத்துக்கும் பணி நிரந்தரத்துக்கும் போராடுகிறது. மாற்றுத்திறனாளிகள் அமைப்பு உதவித்தொகைக்கும் வேலைவாய்ப்புக்கும் போராடுகிறது. மாதர் அமைப்பு ரேஷனுக்கும் பாதுகாப்புக்கும் போராடுகிறது. மூன்றும் நியாயமானவை. ஆனால் மூன்று வயது மாற்றுத்திறன் குழந்தை இந்த மூன்று கோரிக்கைப் பட்டியல்களுக்கும் இடையில் விழுந்துவிடுகிறது. அக்குழந்தைக்கு வாக்கில்லை, சங்கமில்லை. அதன் தாய்க்கோ கூட்டத்துக்கு வர நேரமில்லை.

ஊழியரின் ஊதியக் கோரிக்கையும் குழந்தையின் கல்விக் கோரிக்கையும் எதிரெதிரானவை என்று சித்திரிக்க ஆளும் வர்க்கம் எப்போதும் முயலும். 'வேலைநிறுத்தம் செய்து குழந்தைகளைப் பட்டினி போடுகிறார்கள்' என்ற பிரச்சாரம் அதன் ஒரு வடிவம். அதை முறியடிக்கும் வழி, கூடுதல் பணியாளரும் முறையான பயிற்சியும் கண்ணியமான ஊதியமும் குழந்தையின் உரிமையே என்று பெற்றோரும் ஊழியரும் ஒரே மேடையில் நின்று சொல்வதுதான்.

அந்த மேடையின் கோரிக்கைகள் இவை:

1. ஆறு வயதுக்கு உட்பட்ட அனைத்துக் குழந்தைகளின் பராமரிப்பையும் கல்வியையும் அடிப்படை உரிமையாக்கு. கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் 'செய்யலாம்' என்பதைச் 'செய்ய வேண்டும்' என்று திருத்து.

2. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆவது பிரிவைப் பிறப்பு முதல் பொருந்துமாறு திருத்து. சான்றிதழும் நாற்பது விழுக்காடும் ஆரம்பநிலைச் சேவைக்கு நிபந்தனையாக இருக்கக் கூடாது.

3. அங்கன்வாடி ஊழியர், உதவியாளர்களை அரசு ஊழியர்களாக்கு. ஒவ்வொரு மையத்திலும் இரண்டாவது ஆசிரியரை நியமி. முக அடையாளப் பதிவைக் கைவிடு.

4. அங்கன்வாடிகளின் தொகுப்புக்கு ஒரு நிரந்தரச் சிறப்பாசிரியர், வட்டாரத்துக்கு ஓர் ஆரம்பநிலை இடையீட்டு மையம், அதில் நிரந்தர இயன்முறை மற்றும் பேச்சுப் பயிற்சியாளர்கள் என்ற விகிதத்தைச் சட்டமாக்கு.

5. பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் செவித்திறன், தைராய்டு பரிசோதனைகளை அரசு மருத்துவமனைகளில் இலவசமாக்கு. சிகிச்சைக்கு வரும் நாட்களுக்குத் தாய்க்கு இழப்பூதியமும் பயணச் செலவும் வழங்கு.

6. மையங்கள் அனைத்திலும் சாய்தளம், ஏற்ற கழிப்பறை, குடிநீர் வசதியை உறுதிசெய். அணுகல்தன்மை விதிகள் வெறும் வழிகாட்டுதல்களாக இருக்க முடியாது, கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்ற உச்சநீதிமன்றத்தின் 2024 நவம்பர் தீர்ப்பை அங்கன்வாடிகளில் நடைமுறைப்படுத்து.

சட்டத் திருத்தம் வரும்வரை கட்சிக் கிளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, ஆபத்துக்கு உட்பட்ட குழந்தைகளைக் கண்டறிய ஆண்டுக்கு ஒருமுறையேனும் அனைத்துக் குழந்தைகளையும் பரிசோதிப்பதைப் பற்றிப் பேசுகிறது. தம் பகுதி அங்கன்வாடிக்கு மருத்துவக் குழு கடைசியாக எப்போது வந்தது, எத்தனை குழந்தைகள் பரிந்துரைக்கப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேருக்குச் சிகிச்சை தொடர்கிறது, வீட்டை விட்டு வெளியே வராத குழந்தைகள் எத்தனை பேர் என்ற நான்கு கேள்விகளை ஒவ்வொரு கிளையும் எழுப்பலாம். விடைகளை ஊழியர்களுடனும் பெற்றோருடனும் சேர்ந்து திரட்டி, கிராமசபையிலும் ஆட்சியர் அலுவலகத்திலும் வைக்கலாம். அரசு எடுக்க மறுக்கும் கணக்கை மக்கள் எடுக்கத் தொடங்கும்போது, இக்குழந்தைகள் கருணைக்குரியவர்கள் என்ற நிலையிலிருந்து உரிமைக்குரியவர்கள் என்ற நிலைக்கு வருவார்கள். அந்தக் கணக்கெடுப்பை இந்த ஆண்டே தொடங்குவது கிளைகளின் கடமை.